நகம் கடித்தால் முகம் கோணிவிடுமா?

அடுத்த கேள்வி. ஒரு அம்மா கேட்டிருக்கிறார்: "என் மகளுக்கு 9 வயது. வீட்டுப்பாடம் எழுதும்போதெல்லாம் நகம் கடிக்கிறாள். தாடை முன்னால் வந்து முகமே கோணிவிடும் என்று என் மாமியார் பயமுறுத்துகிறார். உண்மையா டாக்டர்?"

முகம் கோணாதம்மா. உங்கள் மாமியார் விரல் சூப்பும் பிள்ளைகளை மனதில் வைத்துச் சொல்லியிருப்பார். அவர்களுக்குத் தூக்கத்தில்கூடக் கட்டைவிரல் வாயிலேயே கிடக்கும். நாக்கு கீழே இறங்கிவிடும், கன்னத் தசை இரண்டு பக்கமும் அழுத்தும். மேல்தாடை குறுகி, முன்பல் தூக்கிக்கொள்ளும். பல்லும் எலும்பும் இடம் மாற, அழுத்தத்தின் பலத்தைவிட அது எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்பதுதான் கணக்கு. நகம் கடிப்பது விட்டு விட்டு நடக்கிற வேலை. அதற்குத் தாடை எலும்பு அவ்வளவு சுலபமாக வளையாது.

அதற்காகக் கெடுதலே இல்லை என்று சொல்லமாட்டேன். இப்போது நீங்களே சுண்டுவிரல் நகத்தை முன்பல்லில் வைத்துப் பாருங்கள், கை கழுவிவிட்டு! கீழ்த்தாடை தானாக முன்னால் நகர்கிறதா? கடைவாய்ப் பற்கள் ஒன்றையொன்று தொடவில்லை. மொத்த பாரமும் முன்னால் இருக்கிற இரண்டு மூன்று பற்களின் நுனியில். காதுக்கு முன்னால் இருக்கிற தாடை மூட்டும் இழுபடுகிறது. நாள் முழுக்க இதே வேலையென்றால் சில பிள்ளைகளுக்கு அங்கே வலிக்கும். காதுவலி என்றுதான் சொல்வார்கள்.

உங்கள் மகளுக்கு நிரந்தர முன்பல் முளைத்து ஓரிரண்டு வருடம்தான் ஆகியிருக்கும். வேர் நுனி இப்போதுதான் மூடி வருகிறது. டார்ச் அடித்துப் பாருங்கள். புதுப்பல் விளிம்பு ரம்பம் மாதிரி மூன்று சின்ன மேடாக இருக்கும். நகம் கடிக்கிற இடத்தில் மட்டும் அது மழுங்கி, சில சமயம் சின்னப் பள்ளமே விழுந்திருக்கும். பிற்காலத்தில் பல் வரிசையைச் சரிசெய்யக் கிளிப் போடும்போதும் இந்தப் பழக்கம் தொடர்ந்தால், பல் வேர் கரைந்து குட்டையாகிற ஆபத்து கூடும்.

வேப்பெண்ணெய் தடவலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். அவள் சம்மதித்தால் தடவுங்கள். இல்லாவிட்டால் பாவாடையில் துடைத்துவிட்டு மறுபடி ஆரம்பிப்பாள். நகத்தில் பிசிறு இருந்தால் பல் அங்கே போகும். வாரம் இரண்டு முறை வெட்டி, ஓரத்தை ராவிவிடுங்கள். திட்டினால் இன்னும் கூடும்.

வாய் திறக்கும்போது காதோரம் 'டக்' என்று சத்தம் வந்தாலோ, பல் ஓரம் உடைந்திருந்தாலோ பல் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். சரி, அடுத்த கேள்வி...