எழுதுகிறவருக்குத் துணை யார்?

நேயர்களுக்கு என் அன்பான வணக்கம்.

நாளிதழ்களின் மாவட்டப் பக்கங்களில் நாம் படிக்கும் செய்திகளில் பெரும்பாலானவற்றை எழுதுகிறவர்கள் தாலுகா தலைநகரங்களில் இருக்கிறார்கள். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில், ஜெராக்ஸ் கடை வாசலில், இரு சக்கர வண்டியில் சாய்ந்தபடி கைப்பேசியில் செய்தியைத் தட்டி அனுப்பிக்கொண்டிருக்கும் பகுதிநேரச் செய்தியாளர்கள் அவர்கள். பலருக்கு மாதச் சம்பளம் கிடையாது. அச்சில் வந்த செய்தியைக் கணக்குப் பார்த்துக் கொடுக்கும் தொகை பெட்ரோலுக்கே காணாது. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் விளம்பரம் பிடித்துத் தரும் பொறுப்பும் பல இடங்களில் அவர்கள் தலையில்தான் விழுகிறது. காலையில் எந்த ஒப்பந்தக்காரரிடம் வாழ்த்து விளம்பரம் கேட்டு நின்றாரோ, அதே ஒப்பந்தக்காரர் போட்ட சாலை பெயர்ந்து கிடப்பதைப் பற்றி மாலையில் அவர் எழுத வேண்டும்.

நானும் முப்பது ஆண்டுகளுக்கு முன்பு அப்படித்தான் இந்தத் தொழிலுக்கு வந்தேன். நியாய விலைக் கடை ஒன்றில் சர்க்கரையை எடை குறைத்துப் போடுகிறார்கள் என்று ஒரு செய்தி எழுதினேன். கண்ணால் பார்த்து எழுதியது. பத்து நாளில் வழக்கறிஞர் அறிவிப்பு வந்தது. எனக்கும், நான் எழுதிய பத்திரிகைக்கும் சேர்த்தே வந்தது. பத்திரிகை அனுப்பிய பதில் கடிதத்தில், மேற்படி நபர் எங்கள் ஊழியர் அல்லர் என்ற ஒற்றை வாக்கியம் இருந்தது. அந்தக் கடிதத்தின் நகல் இன்றும் என்னிடம் இருக்கிறது. எனக்குத் தைரியத்துக்குக் குறைவில்லை. ஆனால் பார்த்ததை நிறுவுவதற்குரிய ஆவணத்தை எங்கே, எப்படிக் கேட்டு வாங்குவது என்று எவரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை. அறிவிப்பைக் கையில் வைத்துக்கொண்டு எவர் வீட்டுக் கதவைத் தட்டுவது என்றும் தெரியவில்லை. சுதந்திரமான பத்திரிகைத் தொழில் என்று நாம் பெருமையாகச் சொல்வது இந்த இரண்டின் மேல்தான் நிற்கிறது என்பது என் கருத்து. ஒன்று பயிற்சி, மற்றொன்று சக செய்தியாளர்களின் துணை.

துணை என்பதற்கு எனக்குத் தெரிந்த மிகத் தெளிவான உதாரணம் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் நடந்தது. 1976 ஜூன் 2-ஆம் தேதி, ஃபீனிக்ஸ் நகரில், 'அரிசோனா ரிபப்ளிக்' நாளிதழின் செய்தியாளர் டான் போல்ஸ், நில மோசடி பற்றித் தகவல் தருவதாகச் சொன்ன ஒருவரைப் பார்ப்பதற்காக ஒரு தங்கும் விடுதிக்குப் போனார். வருவதாகச் சொன்னவர் வரவில்லை. காத்திருந்துவிட்டுத் திரும்பிய போல்ஸ் காரை நகர்த்தியபோது, அதன் அடியில் பொருத்தப்பட்டிருந்த வெடிகுண்டு வெடித்தது. இரண்டு கால்களையும் ஒரு கையையும் இழந்த நிலையில் 11 நாள்கள் போராடி, 47-ஆவது வயதில் அவர் இறந்து போனார்.

அதற்கு முந்தைய ஆண்டு, அதாவது 1975-இல், புலனாய்வுச் செய்தியாளர்கள் சிலர் கூடி, 'இன்வெஸ்டிகேட்டிவ் ரிப்போர்ட்டர்ஸ் அண்ட் எடிட்டர்ஸ்', சுருக்கமாக ஐ.ஆர்.இ., என்ற அமைப்பைத் தொடங்கியிருந்தார்கள். ஒருவருக்குத் தெரிந்த வேலை நுணுக்கத்தை மற்றவருக்குச் சொல்லிக் கொடுப்பதற்காகத்தான் அது தொடங்கப்பட்டது. போல்ஸ் இறந்த சில நாள்களிலேயே இண்டியானாபொலிஸ் நகரில் அதன் முதல் தேசிய மாநாடு கூடியது. இரங்கல் தீர்மானத்தோடு அவர்கள் கலைந்து போயிருந்தால் எவரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் 'நியூஸ்டே' பத்திரிகையின் ராபர்ட் கிரீன் தலைமையில், 28 பத்திரிகைகளையும் ஒளிபரப்பு நிறுவனங்களையும் சேர்ந்த 38 பேர், தங்களுக்குள் இருந்த தொழில் போட்டியை ஒதுக்கி வைத்துவிட்டு ஃபீனிக்ஸில் போய் உட்கார்ந்தார்கள். சிலரை அவர்களுடைய நிறுவனங்களே அனுப்பி வைத்தன. சிலர் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்தார்கள். ஒருவர் எடுத்த பேட்டியின் குறிப்பு எல்லோருக்கும் பொதுவான கோப்பில் சேர்ந்தது. செய்தியாளர் ஒருவர் தமக்குக் கிடைத்த தகவலை அடுத்த பத்திரிகைக்காரரிடம் காட்டுவது என்பது எங்கள் தொழிலில் எவ்வளவு அரிய செயல் என்பதை, இந்தத் தொழிலில் இருப்பவர்கள் அறிவார்கள்.

போல்ஸைக் கொன்றவனைப் பிடிப்பதை அவர்கள் தங்கள் நோக்கமாக வைத்துக்கொள்ளவில்லை. அவர் தோண்டத் தொடங்கிய அதே மண்ணை, அந்த மாநிலத்தின் நில மோசடிகளையும் குற்றக் கும்பல்களுக்கும் செல்வாக்குள்ளவர்களுக்கும் இருந்த உறவுகளையும், அவர்கள் தொடர்ந்து தோண்டினார்கள். ஒரு செய்தியாளரைக் கொன்றால் அவருடைய இடத்தில் 38 பேர் வந்து நிற்பார்கள் என்பது தெரிந்துவிட்டால், கொலைக்குப் பணம் கொடுப்பவன் ஒரு கணம் யோசிப்பான் அல்லவா? 1977 மார்ச்சில் அந்தத் தொடர் வெளிவந்தது. நாட்டின் மிகப் பெரிய நாளிதழ்கள் சில அந்தக் கூட்டு முயற்சியில் சேர மறுத்தன. போல்ஸ் வேலை பார்த்த பத்திரிகையே அந்தத் தொடரை வெளியிடவில்லை. அவதூறு வழக்குகள் வரிசையாக வந்து அமைப்பை நெருக்கின. அப்படியும் அது பிழைத்தது. இன்று மிசௌரி பல்கலைக்கழகத்தில் இயங்கும் அந்த அமைப்பு, இன்ன ஆவணம் இன்ன அலுவலகத்தில் கிடைக்கும், அதை இப்படிப் படிக்க வேண்டும் என்று செய்தியாளர்களே எழுதிய வழிகாட்டிக் குறிப்புகளை ஆயிரக்கணக்கில் சேர்த்து வைத்திருக்கிறது.

போல்ஸ் இறந்து நாற்பத்தொரு ஆண்டுகளுக்குப் பிறகு, 2017 அக்டோபர் 16-ஆம் தேதி, மால்டா தீவில் டாஃப்னி கருவானா கலிசியா என்ற செய்தியாளர் அதே முறையில், காரில் வைத்த குண்டுக்குப் பலியானார். அடுத்த ஆண்டே 15 நாடுகளைச் சேர்ந்த 45 செய்தியாளர்கள் அவர் விட்டுப்போன வேலையை எடுத்துக்கொண்டார்கள்.

நம் பக்கம் திரும்பிப் பார்க்கும்போது எனக்கு மனம் கனக்கிறது. 2000 அக்டோபர் 19-ஆம் தேதி, ஊரடங்கு வேளையில், யாழ்ப்பாணத்தில் தம் வீட்டிலேயே சுட்டுக் கொல்லப்பட்ட மயில்வாகனம் நிமலராஜனை வானொலி நேயர்கள் பலர் மறந்திருக்க மாட்டீர்கள். பி.பி.சி.யின் தமிழ், சிங்களச் சேவைகளுக்கும் 'வீரகேசரி'க்கும் அவர் செய்தி அனுப்பி வந்தார். வெளியுலகத்துக்கு யாழ்ப்பாணத்திலிருந்து கேட்ட குரல்களில் அது முக்கியமான ஒன்று. அவர் விட்ட இடத்திலிருந்து தொடர்வதற்கு 38 பேர் அங்கே போய் இறங்கவில்லை. அன்றைய போர்ச் சூழலில் போயிருக்கவும் முடியாது. இத்தனை ஆண்டுகள் ஆகியும் அந்தக் கொலைக்காக எவரும் தண்டிக்கப்படவில்லை. 2025 ஜனவரியில் சத்தீஸ்கர் மாநிலம் பிஜாப்பூரில், சாலைப் பணி முறைகேடு குறித்த செய்தியில் பங்காற்றிய இளம் செய்தியாளர் முகேஷ் சந்திரகரின் உடல் ஒரு கழிவுநீர்த் தொட்டிக்குள்ளிருந்து எடுக்கப்பட்டது. சொந்தமாக யூடியூப் சானல் நடத்திக்கொண்டு, பெரிய நிறுவனங்களுக்கும் செய்தி கொடுத்துக்கொண்டிருந்த உள்ளூர் ஆள் அவர். நான் தொடக்கத்தில் சொன்ன ஜெராக்ஸ் கடை வாசல் ஆள்களைப் போன்றவர்.

இனிப் பயிற்சிக்கு வருகிறேன். உத்தரப் பிரதேசத்தின் சித்ரகூடம் பகுதியில், 2002-இல், 'கபர் லஹரியா' என்ற பத்திரிகை புந்தேலி மொழியில் தொடங்கியது. 'நிரந்தர்' என்ற தொண்டு நிறுவனத்தின் துணையோடு அதை நடத்தியவர்கள் அத்தனை பேரும் பெண்கள். பெரும்பாலும் தலித், பழங்குடி, முஸ்லிம் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். சிலர் வளர்ந்த பிறகு எழுதப் படிக்கக் கற்றவர்கள். செய்தி சேகரிப்பதும், எழுதுவதும், படம் எடுப்பதும், அச்சான பத்திரிகையை ஊர் ஊராகக் கொண்டு போய் விற்பதும் அவர்களே. சான்றிதழோடு முடிந்துவிட்ட இரண்டு நாள் முகாமாக அவர்களுடைய பயிற்சி இருக்கவில்லை. அது ஆண்டுக்கணக்கில் நடந்தது. பத்திரிகை வெளிவரும்போதே கூடவே நடந்தது. 2009-இல் யுனெஸ்கோவின் கிங் செஜோங் எழுத்தறிவு விருது அந்த முயற்சிக்குக் கிடைத்தது. அச்சுப் பத்திரிகையை விட்டுக் கைப்பேசிக் காணொளிக்கு மாறியபோது, அதே பெண்கள் மறுபடியும் மாணவர்களாக உட்கார்ந்து கற்றுக்கொண்டார்கள். அதை நிறுவியவர்களில் ஒருவரான கவிதா தேவி, பத்திரிகை ஆசிரியர்களின் சங்கமான எடிட்டர்ஸ் கில்ட் அமைப்பில் இடம் பெற்ற முதல் தலித் பெண் ஆனார்.

அவர்களுக்கும் துணை தேவைப்பட்ட ஒரு தருணம் வந்தது. ஒரு ஆள் மாதக்கணக்கில் அந்தச் செய்தியாளர்களைத் தொலைபேசியில் ஆபாசமாகப் பேசி மிரட்டி வந்தான். காவல் துறையிடம் முறையிட்டும் எதுவும் நகரவில்லை. 2015-இல் அவர்கள் நடந்ததைப் பொதுவெளியில் எழுதினார்கள்; வெளியூர்ப் பத்திரிகையாளர்கள் அதை எடுத்துப் பேசினார்கள்; அதற்குப் பிறகுதான் அவன் கைதானான்.

நட்சத்திர விடுதியில் கூட்டிவைத்து, உணவும் பையும் கொடுத்து, மேடையில் நால்வர் பேசிக் கலைகிற பயிலரங்குகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவற்றால் தாலுகா செய்தியாளருக்கு ஒரு பயனும் விளைந்ததாக எனக்குத் தெரியவில்லை. அவருக்கு வேண்டியது வேறு. சென்ற ஆண்டு ஒரு மாவட்டத் தலைநகரில், நூலகத்தின் மாடி அறையில், இருபத்திரண்டு பேருக்கு நாங்கள் வகுப்பு எடுத்தோம். சொந்தச் சானல் நடத்தும் இளம்பெண் ஒருவர் வந்திருந்தார். அவருடைய ஊரில் போட்ட தார்ச்சாலை ஒரு மழைக்கே பெயர்ந்துவிட்டது. கையால் அள்ளினால் ஜல்லி தனியாக வருவதைப் படமும் எடுத்து வைத்திருந்தார். தகவல் உரிமைச் சட்டத்தில் அவர் எழுதிக் கொண்டுவந்திருந்த மனுவில், சாலை ஏன் இவ்வளவு தரமற்றதாக இருக்கிறது என்ற ஒரே கேள்விதான் இருந்தது. இதற்கு அதிகாரி பதில் சொல்ல வேண்டியதில்லை. ஏன் என்பது அவர் கையிலுள்ள ஆவணம் அன்று.

அந்த ஒரு வரியை அடித்துவிட்டு, அன்று பிற்பகல் முழுவதும் ஒரு சாலை காகிதத்தில் எப்படிப் பிறக்கிறது என்று பார்த்தோம். மதிப்பீடு, ஒப்பந்தப்புள்ளி, வேலை உத்தரவு, பிறகு பொறியாளர் களத்தில் அளந்து எழுதும் அளவுப் புத்தகம், கடைசியில் பட்டியல் தொகை. அலுவலகங்களில் எம்-புக் என்று சொல்லும் அந்த அளவுப் புத்தகத்தில் நீளம், அகலம், கனம் மூன்றும் இருக்கும். பணம் கொடுக்கப்பட்டது அந்த எண்களுக்குத்தான். அதன் நகலை வாங்கிக்கொண்டு, ஒரு டேப்பையும் எடுத்துக்கொண்டு சாலைக்குப் போனால் போதும். தகவல் உரிமைச் சட்டத்தின் 2-ஆவது பிரிவே வேலையை நேரில் பார்வையிடவும், பயன்படுத்திய பொருளின் சான்றளிக்கப்பட்ட மாதிரியைப் பெறவும் உரிமை தருகிறது என்பதை அந்த அறையில் இருந்தவர்களில் ஒருவர்கூடக் கேள்விப்பட்டிருக்கவில்லை. மனுவுக்குக் கட்டணம் 10 ரூபாய். பதில் சொல்ல 30 நாள். பதில் வராவிட்டால் மேல்முறையீடு. இவ்வளவையும் சொல்லித் தர நட்சத்திர விடுதி எதற்கு?

பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். 2010-ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடைச் சட்டம், பதிவு பெற்ற பத்திரிகைகளின் செய்தியாளர்களும் ஆசிரியர்களும் உரிமையாளர்களும் வெளிநாட்டு நிதி வாங்கக்கூடாது என்கிறது. ஆகவே இந்த வேலைக்கான காசு நம்மிடமிருந்துதான் வர வேண்டும். பெரிய தொகையும் வேண்டியதில்லை. அறை வாடகை, பேருந்துக் கட்டணம், மதியச் சாப்பாடு, அதற்குப் பிறகு மாதந்தோறும் ஒரு வழக்கறிஞரின் சில மணி நேரம். வழக்கறிஞர் எதற்கு என்றால், அவதூறு என்பது நம் நாட்டில் இன்றும் கிரிமினல் குற்றம்; பழைய தண்டனைச் சட்டத்தின் 499, 500-ஆவது பிரிவுகள் போய், 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆவது பிரிவாக அது இருக்கிறது. தீர்ப்பு எப்படி வந்தாலும், அதற்குள் வாய்தாவுக்கு அலைவதே ஒரு தாலுகா செய்தியாளருக்குப் பெரிய தண்டனை. அறிவிப்பு வந்த அன்று மாலையே, பதிலை இப்படி எழுதலாம், பயப்படாதே என்று சொல்ல ஓர் ஆள் தொலைபேசியில் இருந்தால், அடுத்த செய்தியை அவர் எழுதுவார். எனக்கு அப்படி ஒருவர் இருந்திருந்தால் நான் இடையில் நான்கு ஆண்டுகள் எழுதாமல் இருந்திருக்க மாட்டேன்.

அந்த இளம்பெண்ணுக்கு முதல் மனுவில் நகல் கிடைக்கவில்லை. மேல்முறையீட்டுக்குப் பிறகு பதினொரு பக்கம் வந்தது. எழுதியிருந்த கனத்துக்கும் சாலையில் அளந்த கனத்துக்கும் பாதிக்குப் பாதி வித்தியாசம். இரண்டு பேர் அவருடைய வீட்டு வாசலில் வந்து நின்றுவிட்டுப் போனார்கள் என்று தகவல் வந்ததும், வகுப்பில் இருந்தவர்கள் தங்களுக்குள் பேசி ஒரு முடிவு எடுத்தார்கள். பதினொரு பக்கத்தின் நகலும் அன்றிரவே ஆறு பேரிடம் போய்ச் சேர்ந்தது. மறுநாள் காலை அவருடைய சானலிலும், மூன்று பத்திரிகைகளின் மாவட்டப் பக்கத்திலும் ஒரே நேரத்தில் அந்தச் செய்தி வந்தது. இவரை மிரட்டினால் செய்தி நின்றுவிடும் என்ற கணக்கு அன்றைக்கே பொய்த்துப் போயிற்று. வாசலுக்கு வந்தவர்கள் மறுபடி வரவில்லை. சாலையை மறு ஆய்வு செய்வதற்கு ஒரு குழு வந்து போயிருக்கிறது. முடிவு இன்னும் தெரியவில்லை.

இரண்டு வாரம் கழித்து அவர் என்னை அழைத்தார். நன்றி சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். "சார், பக்கத்து ஒன்றியத்திலும் அதே ஒப்பந்தக்காரர்தான் சாலை போட்டிருக்கிறாராம். அங்கே நம் ஆள் யார் சார் இருக்கிறார்கள்?" என்று கேட்டார். பெயரைச் சொல்லி எண்ணைக் கொடுத்தேன். மறுநாள் இரண்டு பேரும் டேப்பை எடுத்துக்கொண்டு ஒரே வண்டியில் போயிருக்கிறார்கள்.

வணக்கம்.