சிவப்புக் கையும் ஒரு வரிக் கோரிக்கையும்

நேயர்களுக்கு வணக்கம்.

பிப்ரவரி 12 அன்று உலகின் பல ஊர்களில் பிள்ளைகள் உள்ளங்கையில் சிவப்பு வண்ணம் பூசித் தாளில் பதிக்கிறார்கள். சிறுவர்களைப் போருக்கு இழுக்காதே என்று அதற்குப் பொருள். 18 வயது ஆகாதவர்களைச் சண்டையில் இறக்கக் கூடாது என்ற ஐ.நா. உடன்படிக்கை 2002-ல் நடைமுறைக்கு வந்தது அந்தத் தேதியில்தான். 2009-ல் இரண்டரை லட்சம் கைப்பதிவுகளை நியூயார்க்கில் அப்போதைய ஐ.நா. பொதுச் செயலாளர் பான் கி மூனிடம் இளைஞர்கள் ஒப்படைத்தார்கள்.

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாணவர்கள் இதை நடத்தலாம். ஆனால் கை பதித்து, போட்டோ எடுத்து, அதோடு கலைந்துவிட்டால் பயனில்லை. யாரிடம், என்ன கேட்கிறோம் என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும்.

கேட்பதற்கு ஒன்று நம் நாட்டிலேயே இருக்கிறது. உடன்படிக்கையில் சேரும் ஒவ்வொரு அரசும், படையில் சேர்க்கும் குறைந்தபட்ச வயதை எழுதிக் கொடுக்க வேண்டும். 2005-ல் இந்தியா கொடுத்தது 16. பயிற்சி முடித்தாலும் 18 ஆன பிறகே களத்துக்கு அனுப்புவோம் என்றும் அதில் இருக்கிறது. இப்போது அக்னிபாத் திட்டத்தில் பதினேழரை வயதில் சேரலாம். அரசு நினைத்தால் இந்த வயதை எப்போது வேண்டுமானாலும் உயர்த்தலாம், ஐ.நா. பொதுச் செயலாளருக்கு ஓர் அறிவிப்பு அனுப்பினால் போதும் என்று உடன்படிக்கையே சொல்கிறது. ஆயுதக் குழுக்களுக்கு மட்டும் 18 என்று கறாராகச் சொல்லிவிட்டு அரசுகளுக்குச் சலுகை கொடுத்தது எனக்கு நியாயமாகப் படவில்லை. பட்டாளத்துக்குப் போகும் கனவோடு விடியற்காலையில் மைதானத்தைச் சுற்றி ஓடும் நம் பையன்களுக்கு இது எதிரானதல்ல. அரை வருடம் பொறுத்துச் சேரட்டும் என்கிறோம், அவ்வளவுதான்.

இனி வேலைக்கு வருவோம். ஆயில் பெயிண்ட் வேண்டவே வேண்டாம். கையை விட்டுப் போகாது, மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தால் தோல் எரியும். போஸ்டர் கலர் வாங்குங்கள். தட்டில் ஈர ஸ்பாஞ்சு வைத்து, அதில் வண்ணத்தை ஊற்றி, கையை ஒற்றி எடுக்க வேண்டும். தண்ணீர் கூடினால் விரலிடுக்கில் வழியும். வண்ணம் கெட்டியாக இருந்தால் ரேகை தெரியாமல் வெறும் சிவப்புத் திட்டாகிவிடும். ரேகை தெரிந்தால்தானே அது ஒரு பிள்ளையின் கை! சாதாரண ஏ4 தாள் சுருங்கும். சார்ட் அட்டையை நான்காக வெட்டிக்கொள்ளுங்கள். நன்றாகக் காயும்முன் அடுக்கினால் ஒன்றோடொன்று ஒட்டிக் கிழியும். ஒவ்வொரு தாளின் கீழும் கோரிக்கை ஒரே வரியில் இருக்கட்டும்: ‘படையில் சேரும் வயதை 18 ஆக்குக.’ முதல் பெயரும் வயதும் போதும். முகம் தெரியும் படத்தைப் பெற்றோர் சம்மதமில்லாமல் வெளியிடாதீர்கள்.

துப்பாக்கி ஏந்திய பையன் படத்தை மட்டும் போஸ்டரில் போட வேண்டாம். சமைக்க, சுமக்க, தூது போக, உளவு பார்க்கப் பிடித்துச் செல்லப்படும் பிள்ளைகளும் சிறார் படையினரே என்கின்றன, சிறாரைப் போரில் ஈடுபடுத்துவதைத் தடுக்க 2007-ல் வகுத்த பாரிஸ் கோட்பாடுகள். ஆயுதத்தை ஒப்படைத்தால்தான் மறுவாழ்வு உதவி என்று சில நாடுகளில் விதி வைத்தபோது, கையில் ஆயுதமே இல்லாத பெண் பிள்ளைகள் விடுபட்டுப் போனார்கள்.

இன்னொன்று, இதைக் கெஞ்சியே கேட்கிறேன். இலங்கைப் போரில் புலிகளும், அவர்களிடமிருந்து பிரிந்த கருணா அணியும் சிறுவர்களைச் சேர்த்ததை ஐ.நா. அறிக்கைகள் பதிவு செய்திருக்கின்றன. நம் மாவட்டங்களில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்கள் உண்டு. அங்கே போய், ‘உங்க வீட்ல யாரையாவது பிடிச்சிட்டுப் போனாங்களா?’ என்று மைக்கை நீட்டாதீர்கள். அவர்களாகச் சொன்னால் மட்டும் கேளுங்கள்.

கைப்பதிவுகளை உங்கள் எம்.பி.யிடம் கொடுத்து, மக்களவையில் கேள்வி எழுப்பச் சொல்லுங்கள். கேள்விக்குக் குறைந்தது 15 நாள் முன்னதாக நோட்டீஸ் தர வேண்டும். பட்ஜெட் கூட்டத்தொடரின் முதல் பகுதி வழக்கமாகப் பிப்ரவரி நடுவில் முடிந்துவிடும். அதனால் 12-ஆம் தேதி கொடுக்கும்போதே மார்ச்சில் தொடங்கும் இரண்டாம் பகுதிக்கு என்று சொல்லிக் கொடுங்கள். பொங்கல் விடுமுறை முடிந்ததும் கை பதிக்கத் தொடங்கினால் நேரம் சரியாக இருக்கும். கொடுக்கும்போது மனுவின் நகலில் தேதியோடு கையெழுத்து வாங்கி வையுங்கள். மார்ச்சில் ‘நோட்டீஸ் கொடுத்தாச்சுங்களா?’ என்று விசாரிக்கப் போகும்போது அந்த நகல் கையில் இருக்க வேண்டும்.