மூன்று நாள் விருந்தாளி

வானொலி நேயர்களுக்கு வணக்கம். திருச்சிராப்பள்ளியில் ஹீபர் என்றால் கல்லூரியும் பள்ளியும்தான் நினைவுக்கு வரும். அப்பெயருக்குரிய ஆங்கிலிக்கன் பேராயர் ரெஜினால்ட் ஹீபர் இவ்வூரில் தங்கியது மூன்றே நாட்கள்.

1783இல் இங்கிலாந்தின் மால்பாஸில் பிறந்த ஹீபர், ஆக்ஸ்போர்டில் கவிதைக்குப் பரிசு பெற்று, ஹாட்நெட் என்னும் கிராமத்தில் பதினாறு ஆண்டுகள் ஆலயக் குருவாக இருந்தார். கல்கத்தாவின் முதல் பேராயர் மிடில்டன் 1822இல் மறைந்ததும் அப்பதவி இவரைத் தேடி வந்தது, தயங்கியே ஏற்றார். இந்தியா, இலங்கை, ஆஸ்திரேலியா மூன்றும் ஒரே பேராயத்தில் அடங்கியிருந்த காலம் அது. 1824 ஜூனில் கங்கையில் படகேறியவர் டாக்கா, லக்னோ, தில்லி, பம்பாய், இலங்கை என்று சுற்றிக் கல்கத்தா திரும்பப் பதினாறு மாதங்கள் ஆயின. தஞ்சாவூரில் ஊழியம் செய்த ஜெர்மானிய மிஷனெரி ஸ்வார்ட்ஸ் ஐயரின் மாணவரான கிறிஸ்டியன் தாவீது என்ற தமிழருக்குக் குருப்பட்டம் அளித்தவரும் இவரே.

1826 மார்ச் இறுதியில், ஈஸ்டர் திருநாளன்று தஞ்சாவூரில் ஸ்வார்ட்ஸ் கட்டிய ஆலயத்தில் பிரசங்கம் செய்தார். ஸ்வார்ட்ஸை ஆசானாகப் போற்றிய சரபோஜி மன்னரையும் சந்தித்தார். அங்கே ஒரு வழக்கு அவர்முன் வந்தது. சாதி வேற்றுமையைக் கைவிடுமாறு இளைய மிஷனெரிகள் வற்புறுத்துவதாக மேல்சாதிக் கிறிஸ்தவர்கள் முறையிட்டனர். சாதியைச் சமய வழக்கமாகக் கருதாமல் சமூக மரியாதையாகவே பார்க்க முனைந்த ஹீபர், மென்மையாக விசாரிக்கத் தொடங்கினார். அந்த மென்மை, ஆலயத்தில் தள்ளி உட்காரவைக்கப்பட்டவர்களுக்கு என்ன ஆறுதல் தந்திருக்கும் என்று கேட்கத் தோன்றுகிறது. பின்னாளில் பேராயர் டேனியல் வில்சன்தான் 1833இல் அவ்வேற்றுமை திருச்சபைக்குள் கூடாது என்று கண்டிப்பாக உத்தரவிட்டார்.

ஏப்ரல் 1ஆம் தேதி, சனிக்கிழமை, ஹீபர் திருச்சி வந்து சேர்ந்தார். மறுநாள் தூய யோவான் ஆலயத்தில் பிரசங்கம். திங்கள் விடியற்காலையில் கோட்டைக்குள் இருந்த மிஷன் ஆலயத்தில் தமிழர்களுக்குத் திடப்படுத்தல் ஆராதனை, அதாவது ஞானஸ்நானம் பெற்றவர்களை விசுவாசத்தில் உறுதிப்படுத்தும் சடங்கு, நடத்தி, ஆசீர்வாதத்தைத் தமிழிலேயே கூறினார். வெயில் ஏறிய பின் தங்கியிருந்த வீட்டுக்குத் திரும்பி, வளாகத்திலிருந்த குளியல் தொட்டிக்குச் சென்றார். ஆள் நீந்தும் அளவுக்குப் பெரிய தொட்டி அது. வெளியே நின்ற பணியாள், வெகுநேரமாகியும் அரவமில்லாததால் கதவைத் திறந்து பார்த்தபோது, பேராயர் நீரில் உயிரற்றுக் கிடந்தார். நாற்பத்து மூன்றாம் பிறந்தநாளுக்குப் பதினெட்டு நாட்களே இருந்தன. மனைவி அமேலியா அப்போது கல்கத்தாவில் இருந்தார். இரண்டு நாள் முன்பு தாம் பிரசங்கித்த அதே தூய யோவான் ஆலயத்தில் ஹீபர் அடக்கம் செய்யப்பட்டார். அவரது வடஇந்தியப் பயணக் குறிப்புகளை 1828இல் அச்சேற்றியவர் அமேலியா.