இடம் மாறிய செம்பு

நேயர்களுக்கு வணக்கம்.

போன மாதம் முத்தியால்பேட்டையிலிருந்து ஒரு அம்மா, கணவரை அழைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். கணவருக்குச் சர்க்கரை வந்து 14 வருடம் ஆகிறது. "தம்பி, செப்புச் சொம்புல ராத்திரி தண்ணி ஊத்தி வெச்சு, காலையில குடிக்கிறாரு. சர்க்கரை இறங்கும், இதயத்துக்கும் நல்லதுன்னு சொன்னாங்க. நெசந்தானா?" என்று கேட்டார்.

செப்புத் தண்ணீரால் சர்க்கரை இறங்காது. அதை அப்போதே சொல்லிவிட்டேன். ஆனால் செம்புக்கும் சர்க்கரைக்காரரின் இதயத்துக்கும் உறவு இருக்கிறது. அந்த அம்மாவிடம் அவசரத்தில் சொல்ல முடியாமல் போனதை இன்று உங்களிடம் சொல்கிறேன்.

நம் ஊருக்கு இது தூரத்துச் செய்தி இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023இல் வெளியான ஆய்வில், புதுச்சேரியில் பெரியவர்களில் 26.3 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய். நாடு முழுவதற்குமான கணக்கு 11.4 சதவீதம்தான். இங்கே பெரியவர்கள் நாலு பேரை எடுத்தால், ஏறத்தாழ ஒருவருக்குச் சர்க்கரை இருக்கிறது.

இதய நோய் என்றதும் நாம் அடைப்பைத்தான் நினைக்கிறோம். அடைப்பே இல்லாமலும் சர்க்கரைக்காரரின் இதயத் தசை கெட்டுப்போகலாம் என்று 1972இலேயே ரூப்ளரும் உடன் வேலைசெய்த மருத்துவர்களும் எழுதியிருக்கிறார்கள். இடது கீழறையின் சுவர் தடித்து விறைக்கிறது. ரத்தத்தை வாங்கிக்கொள்ள அது தளர்ந்து விரிய வேண்டும். பெரும்பாலும் அந்த வேலைதான் முதலில் கெடும். அப்புறம் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும்.

இதில் செம்பு எங்கே வருகிறது? ஒரு ஆளின் உடம்பில் இருக்கும் மொத்தச் செம்பு ஏறத்தாழ 100 மில்லிகிராம்தான். ஆனால் இதயத் தசைச் செல்லுக்குள் சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவில், மூச்சில் வாங்கிய ஆக்சிஜனைப் பயன்படுத்தும் கடைசி நொதிக்குச் செம்பு கட்டாயம் வேண்டும். ஒரு நாளைக்குச் சுமார் ஒரு லட்சம் முறை துடிக்கும் உறுப்புக்கு அது எவ்வளவு முக்கியம் என்று யோசித்துப் பாருங்கள். அதே செம்பு, புரதங்களின் பிடியிலிருந்து நழுவித் தனியாகத் திரிந்தால் பக்கத்தில் உள்ளதை அரிக்கும். அதனால்தான் உடம்பு அதைக் கைமாற்றிக் கைமாற்றி, ஒவ்வொரு புரதத்தின் பொறுப்பிலும் விட்டே நகர்த்துகிறது.

ரத்தத்தில் வருடக்கணக்காகச் சர்க்கரை கூடுதலாக இருந்தால், அது புரதங்களின்மேல் பிசுக்காக ஒட்டிக்கொள்கிறது. மூன்று மாதச் சர்க்கரைக்கு நீங்கள் எடுக்கும் ஹெச்பிஏ1சி பரிசோதனையும், ரத்தச் சிவப்பணுப் புரதத்தில் ஒட்டிய சர்க்கரையைத்தான் அளக்கிறது. இதயச் சுவரிலும் ரத்தக்குழாயிலும் உள்ள கொலாஜன் நார்களிலும் இதே பிசுக்கு படிகிறது. பிசுக்குப் படிந்த நார் செம்பைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. அங்கே தங்கிய செம்பு சும்மா இருப்பதில்லை, சுற்றியுள்ள திசுவைப் புண்ணாக்குகிறது. ஆனால் சர்க்கரை நோயுள்ள எலிகளின் இதயத் தசையை எடுத்து அளந்து பார்த்தபோது, அங்கே செம்பு குறைவாக இருந்தது! வெளியே தேங்கல், உள்ளே பஞ்சம். அதாவது சிக்கல் அளவில் மட்டும் இல்லை, இடத்தில் இருக்கிறது.

நியூசிலாந்தின் ஆக்லாந்தில் கார்த் கூப்பர் குழுவினர் இதற்கு டிரையென்டின் என்ற மருந்தைச் சோதித்தார்கள். உடம்பில் செம்பு சேர்ந்துவிடும் வில்சன் நோய்க்கு 1969 முதல் பயன்படும் மருந்து அது. சர்க்கரை அளவு இறங்காமலேயே எலிகளின் இதயம் தேறியது. பிறகு சிறு எண்ணிக்கையிலான நோயாளிகளுக்கு ஒரு வருடம் கொடுத்தபோது, தடித்திருந்த இதயத் தசை கொஞ்சம் இளைத்தது. வெளியே தேங்கிய செம்பை அகற்றும் மருந்து, எலி இதயத்துக்குள் குறைந்திருந்த செம்பை மீட்டும் கொடுத்தது என்பதுதான் என்னை ஆச்சரியப்படுத்துகிறது. பெரிய அளவில் சோதித்து உறுதிசெய்யும்வரை சர்க்கரைக்காரரின் இதயத்துக்கு இது மருந்தாகாது. யாரும் தேடிப் போய் வாங்க வேண்டாம்.

சரி, சொம்பை என்ன செய்வது? தண்ணீரில் உள்ள கிருமியைச் செம்பு கொல்லும், அது நிஜம். பிடித்திருந்தால் குடியுங்கள். ஆனால் ஈயம் பூசாத செப்புப் பாத்திரத்தில் மோர், புளிக்கரைசல், எலுமிச்சைச் சாறு வைக்காதீர்கள். புளிப்பில் செம்பு கரைந்து குமட்டும். எள், முந்திரி, பயறு, நண்டு சாப்பிடுகிறவர்களுக்குத் தேவையான செம்பு தட்டிலேயே கிடைத்துவிடுகிறது. இன்னொன்று: கொரோனாவில் பழகிய துத்தநாக மாத்திரையை இன்னும் விடாதவர்கள் இருக்கிறார்கள். அதிக அளவில் தொடர்ந்து விழுங்கினால், அது குடலில் செம்பு ஏறுவதைத் தடுக்கும். மருத்துவரைக் கேட்டு முடிவுசெய்யுங்கள்.

அந்த அம்மா கிளம்பும்போது வாசலில் நின்று, "கடற்கரைச் சாலையில காந்தி சிலை வரைக்கும் ஒரே மூச்சா நடப்பாரு. இப்ப ரெண்டு எடத்துல உக்காந்துடுறாரு" என்றார். இருவரையும் மறுபடி உட்கார வைத்து, எக்கோ பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தேன்.

நன்றி, வணக்கம்.