துளை போடுறதுக்கு முன்னாடி ஒருவாட்டி எண்ணிடுங்க

எல்லாருக்கும் வணக்கம்ங்க. பேசக் கூப்பிட்டதுக்கு நன்றி. சுரங்கத்துக்காக அரசாங்க நிலத்துல ஆய்வு நடக்கும்போது அங்க இருக்கற அரிய செடிகளை எப்படி கண்காணிக்கறாங்கன்னு கேட்டிருந்தீங்க, நான் ஒரே ஒரு செடிய வச்சு சொல்லிடறேன், அதுலயே எல்லாம் இருக்கு.

அமெரிக்காவுல நெவாடா மாநிலத்துல சில்வர் பீக் மலைப்பக்கம் டீம்ஸ் பக்வீட்னு ஒரு செடி. 1983ல ஆர்னால்ட் டீம்ங்கறவர் கண்டுபிடிச்சது, அதான் அந்தப் பேரு. உலகத்துலயே அந்த ஒரு இடத்துலதான் இருக்கு, எல்லாத்தையும் சேர்த்தா சுமார் 10 ஏக்கர், அவ்வளவுதான். தரையோட ஒட்டின சாம்பல் பச்சை இலை, மே ஜூன்ல மஞ்சளா பஞ்சு உருண்டை மாதிரி பூ. சிக்கல் என்னன்னா அது வளர்ற மண்ணுலதான் லித்தியமும் போரானும் கிடக்கு, கார் பேட்டரிக்கு லித்தியம் வேணும், அயோனியர்ங்கற ஆஸ்திரேலியா கம்பெனி அங்க சுரங்கம் போடணும்னு வந்தாச்சு.

சுரங்கம்னா பெரிய குழி, அதை எல்லாரும் கவனிப்பாங்க. ஆய்வு கட்டத்தைத்தான் யாரும் கண்டுக்கறதில்ல. 1872ல போட்ட சுரங்கச் சட்டம் அங்க இன்னும் ஓடிட்டிருக்கு. இந்த மாதிரி அரசாங்க நிலத்துல 5 ஏக்கருக்குள்ளதான் மண்ணைக் கலைக்கப்போறோம்னா ஒரு நோட்டீஸ் குடுத்துட்டு 15 நாள் காத்திருந்தா பொதுவா போதும். ரோடு வெட்டறது, ட்ரில் போடறது, கால்வாய் மாதிரி தோண்டிப் பார்க்கறது எல்லாம் அதுலயே வந்துடும். 5 ஏக்கர் சின்னதுதானேன்னு தோணும், ஆனா செடியே மொத்தம் 10 ஏக்கர்தான்ங்க! அழியற இனம்னு அமெரிக்க அரசாங்கத்தோட பட்டியல்ல ஏறிட்டா இந்த சலுகை கிடையாது, ஆனா இந்தச் செடி பட்டியல்ல ஏறினதே 2022 டிசம்பர்லதான், ஆய்வு அதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சாச்சு.

அதனால முதல் வேலை, மெஷின் வர்றதுக்கு முன்னாடி எண்ணி வச்சிடறது. கேக்க சுலபமா இருக்கும். செடி பாய் மாதிரி படர்ந்து கிடக்கும், பக்கத்துல இன்னொரு திட்டு, இது ஒரே செடியா ரெண்டு செடியான்னு குந்தி உக்காந்து பார்க்கணும், ஒருத்தர் ஒண்ணுன்னு எழுதினதை அடுத்தவர் ரெண்டுன்னு எழுதினா அடுத்த வருஷம் செடி பெருகிடுச்சுன்னு ரிப்போர்ட் வந்துடும். அதனால கம்பி அடிச்சு எல்லை குறிச்ச அதே பிளாட்ல, அதாவது அதே துண்டு நிலத்துல, அதே சீசன்ல, அதே விதிப்படி எண்ணணும். ரோட்டோரம் ஒரு பிளாட்டும் ரோட்டுத் தூசி எட்டாத தூரத்துல இன்னொண்ணும் இருக்கணும், இல்லன்னா இலை வாடினது மழை இல்லாமலா தூசியாலயான்னு எவனாலயும் சொல்ல முடியாது.

இப்படி முன்னாடியே எண்ணி வச்சது எப்படி உதவுச்சு பாருங்க. 2019 கணக்குப்படி சுமார் 44,000 செடி. 2020 செப்டம்பர்ல போய் பார்த்தா 17,000க்கும் மேல நாசமாகி கிடக்கு, வேரோட தோண்டியிருக்கு. யாரோ வேணும்னே பண்ணிட்டாங்கன்னு ஒரு பக்கம், எலி, அணில் மாதிரி கொறிக்கற பிராணிதான்னு இன்னொரு பக்கம், ஒரே சண்டை. கடைசியில கடிபட்ட வேர்லயும் சுத்தியிருந்த மண்ணுலயும் டிஎன்ஏ எடுத்துப் பார்த்தாங்க, தரையில வளை தோண்டி வாழற ஒரு அணில்னு வந்துச்சு. வறட்சியில தண்ணிக்காக வேரைக் கடிச்சிருக்கும்ங்கறாங்க. என்னைக் கேட்டா சும்மா எண்ணிட்டு வர்றது பாதி வேலைதான், ஏன் செத்துச்சுன்னு தேடறதுதான் மீதி.

இது பாலைவனப் பக்கம், காட்டு நிலத்துலயும் இதே கதை உண்டு. கலிஃபோர்னியாவுல சான் பெர்னார்டினோ தேசிய வனத்துல பெரும்பாலும் சுண்ணாம்புக்கல்லு மேலயே பிழைக்கற செடிங்க இருக்கு, அங்க சுண்ணாம்புச் சுரங்கமும் இருக்கு. அஞ்சு செடிய 1994ல பட்டியல்ல சேர்த்தாங்க, 2003ல கம்பெனிங்களும் வனத்துறையும் எந்த மலையை விடறது எதை வெட்டறதுன்னு ஒரு திட்டத்துக்கு வந்தாங்க. சண்டை தீரலைன்னாலும் எது எங்க இருக்குங்கற மேப் கையில இருந்ததாலதான் அந்தப் பேச்சே நடந்துச்சு.

நெவாடாவுல 2024 அக்டோபர்ல சுரங்கத்துக்கு அனுமதி குடுத்தாச்சு, எதிர்த்து கேஸும் போட்டிருக்காங்க. கம்பெனி நர்சரி வச்சு நாத்து வளர்க்குது. தொட்டியில வளருது, சரி. ஆனா அந்த நாத்து வெளி மண்ணுல பூத்து, அதோட விதை தானா முளைச்சு, அந்தக் குட்டிச்செடி அடுத்த வறட்சியையும் அணிலையும் தாண்டுதான்னு பார்க்கணும், அதுக்கு வருஷக்கணக்கா யாராவது அங்க போய் எண்ணிக்கிட்டே இருக்கணும், அந்த சம்பளத்தை யார் குடுக்கறதுன்னு அனுமதி பேப்பர்லயே எழுதி வாங்கிடணும்ங்க.