வாயை அளந்துட்டு கூட்டு சேருங்க

வணக்கம் நேயர்களே. அறிவிப்பாளர் தங்கச்சி போன கிழமை கோல் எடுத்து, அண்ணே மீன் வளக்குறதப் பத்தி கொஞ்சம் பேசுங்கன்னு கேட்டுச்சு. எதப் பேசுறதுன்னு ரெண்டு நாளா மண்டையக் கொழப்பிக்கிட்டு, கடைசியில எல்லாரும் என்கிட்ட கேக்குற கேள்வியவே எடுத்துக்கிட்டேன். பெரிய ஆப்பிரிக்கன் சிக்லிட் வச்சிருக்கேன், கூட என்ன மீன் விடலாம்?

சிக்லிட்னா ஒரு மீன் குடும்பம், ஏதோ புதுசுன்னு நெனைக்காதீங்க. 1952ல இலங்கைக்குள்ள கொண்டு வந்த திலாப்பியா இருக்கே, நாம கொழம்பு வைக்கிறது, அதுவும் ஆப்பிரிக்கா சிக்லிட்தான். தொட்டியில வளக்குற அழகு மீனுங்க முக்காவாசி மலாவி ஏரி, டங்கனிக்கா ஏரியில உள்ள சாதிங்க.

நான் மொத மொத வாங்குனது லிவிங்ஸ்டோனி, மலாவி ஏரி சிக்லிட். ரெண்டு அங்குலக் குட்டி, வெள்ளத் துணியில சாயத்தண்ணி சிந்துன மாதிரி திட்டுத் திட்டா இருக்கும். கூடவே மஞ்ச லேப்னு சொல்ற சின்ன சிக்லிட் ஆறு வாங்கிப் போட்டேன், பாக்க எடுப்பா இருந்துச்சு. சில மாசம் கழிச்சு ஒரு நாள் காலையில பாத்தா லிவிங்ஸ்டோனி மணல்ல ஒருக்களிச்சுப் படுத்துக் கெடக்கு, அசைவே இல்ல. செத்துப் போச்சேன்னு கையச் சுருட்டிக்கிட்டு எடுக்கப் போறேன், அதுக்குள்ள ஒரு மஞ்சக் குட்டி கிட்ட வந்து அது மேல கொத்திப் பாத்துச்சு, லபக்! செத்த மீனு எந்திரிச்சு நிக்குது, மஞ்சளக் காணோம். மலாவிப் பக்கம் இந்த மீனுக்குப் பேரே காலிகோனோவாம், தூங்குறவன்னு அர்த்தம்.

அன்னைக்கிப் படிச்சதுதான். மொதல்ல கலரப் பாக்காதீங்க, வாயப் பாருங்க, அதுவும் இன்னைக்கி இருக்கிற வாய இல்ல, நாளைக்கி வளர்ற வாய. கடையில ரெண்டு அங்குலத்துல நிக்கிற லிவிங்ஸ்டோனி பத்து அங்குலம் வரும், டங்கனிக்கா ஏரி ஃப்ரொன்டோசா ஒரு அடிக்கு மேலயே போகும். ஃப்ரொன்டோசாவப் பாத்தா நெத்தியில முண்டு வச்சுக்கிட்டு பெரிய மனுசன் மாதிரி மெதுவாத்தான் நடமாடும், ஆனா அது ஏரியில விடியக்காலத்துல, மத்த சின்ன மீனுங்க தூக்கம் கலையிறதுக்குள்ள போயி முழுங்குற ஆளு. கப்பி, நியான் மாதிரி பொடி மீனுங்க எல்லாம் அதுக்கு மிச்சர்தான்.

மெதுவான ஆளுன்னு சொன்னேனே, அதுலயும் ஒரு விசயம் இருக்கு. பாறையில பாசி மேயிற எம்புனா மீனுங்களக் கூட விட்டா, போட்ட சாப்பாடு ஃப்ரொன்டோசா திரும்புறதுக்குள்ள காலி. ரெண்டுக்கும் வயிறும் வேற, எம்புனாவுக்கு எறா, புழுன்னு அதிகமாக் குடுத்தா வயிறு வீங்கிச் செத்துரும். அதனால ஃப்ரொன்டோசாவுக்கு அதோட கூட்டமே போதும், ஒரு ஆணுக்கு நாலஞ்சு பொண்ணு, ஆறடிக்கு ரெண்டடி தொட்டி, அவ்வளவுதான். லிவிங்ஸ்டோனிக்கு அதே சைஸ்ல வளர்ற வேற நெறத்து மலாவி மீனு நல்லது, ப்ளூ டொல்பின் மாதிரி. ஒரே நெறத்துல ரெண்டு ஆண் இருந்தா காணித் தகராறு மாதிரி ஓயவே ஓயாது.

கீழ்த் தட்டுக்கு சைனோடொன்டிஸ் கெளுத்தி விடலாம், எனக்கு ரொம்பப் பிடிச்ச மீனு. ஆனா அதுல புள்ளி போட்ட டங்கனிக்கா சாதி ஒன்னு இருக்கு, பெரிய கள்ளன். குயிலு காக்காக் கூட்டுல முட்ட விடுமே, அதே வேல. சிக்லிட் முட்டையப் போட்டு வாயில அள்ளுற நேரம் பாத்து இது தன் முட்டையையும் கலந்து விட்டுரும். அந்தத் தாயும் சேத்து அள்ளிக்கும், கெளுத்திக் குஞ்சு முந்திப் பொரிச்சு வாய்க்குள்ளயே இருந்து அது புள்ளைங்களத் திங்கும். குஞ்சு எடுக்கணும்னு நெனைக்கிறவங்க அத மட்டும் விடாதீங்க.

ஒஸ்கார் விடலாமான்னு கேப்பாங்க. அதுவும் சிக்லிட்தான், ஆனா தென் அமெரிக்கா, சுண்ணாம்புச் சத்து கொறஞ்ச மெது தண்ணி மீனு. நம்ம பீலித் தண்ணி அதுக்கு ஒத்து வரும், ஆப்பிரிக்காக்காரனுக்கு சுண்ணாம்புச் சத்துள்ள கெட்டித் தண்ணி வேணும். தேயில மலைக்கு டொலமைட் போடுறோம்ல, அதே கதைதான், ஆனா அந்தத் தூள அள்ளித் தொட்டியில கொட்டிராதீங்க, தண்ணி பாலாப் போயிரும். சிப்பி ஓட்ட அவிச்சுக் கழுவி ஃபில்டருக்குள்ள பையில கட்டிப் போடுங்க, மெல்லக் கரையும்.

குளிரு இன்னொரு தொல்ல, இருபத்தஞ்சு டிகிரி பக்கத்துல வச்சிருக்கணும், ஹீட்டர் இல்லாம நம்ம மலைப் பக்கம் நடக்காது. 2022ல மணிக்கணக்கா கரண்ட் வெட்டுனப்ப ராத்திரியில தொட்டியச் சுத்தி கம்பளியப் போத்தி கயித்தால கட்டி வச்சேன், பக்கத்து லயத்துப் பொடியனுங்க, அண்ணன் மீனுக்கு சளி புடிச்சிருச்சான்னு சிரிச்சானுங்க.

ஆங், மீனு பெருசாயிருச்சுன்னு கொண்டு போயி காசல்ரீ, மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கத்துல விட்டுறாதீங்க, கடைக்காரன்கிட்டயே திருப்பிக் குடுங்க.

லிவிங்ஸ்டோனி இன்னும் இருக்கு, கூட ஒரு டொல்பினும் ஒரு பெரிய கெளுத்தியும். அது படுக்குறப்பல்லாம் எங்கம்மா குசினியில இருந்து, "டேய், ஒன் மீனு செத்துப் போச்சுடா"ன்னு கத்தும். நான் எந்திரிக்கிறதே இல்ல.