ராமர் நீலமா, பச்சையா?

அடுத்த கேள்வி. கொச்சிக்குப் போய் மட்டாஞ்சேரி அரண்மனையைப் பார்த்துவிட்டு வந்த ஒரு அம்மா கேட்டிருக்கிறார்கள்: "எங்கள் பூஜையறைப் படத்தில் ராமர் நீலமாக இருக்கிறார். அங்கே சுவரில் பச்சையாக இருக்கிறார். எது சரி? பச்சை நம் மரபில் உள்ள நிறம்தானா? அந்தக் காலத்தில் பச்சை வண்ணத்துக்கு எங்கே போனார்கள்?"

நல்ல கேள்வி. முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். பச்சை வேறு, நீலம் வேறு, கறுப்பு வேறு என்று இன்று நாம் பிரிப்பதுபோல் பழைய சொற்கள் பிரிப்பதில்லை. பச்சை குத்திய கையைப் பார்த்திருப்பீர்கள். தோலுக்குள் போன பிறகு அது கருநீலமாகத்தான் தெரியும். ஆனாலும் 'நீலம் குத்துதல்' என்று யாராவது சொல்கிறோமா? வடமொழியில் 'சியாமம்' என்ற சொல்லும் இப்படித்தான். கருமை, கருநீலம், கரும்பச்சை எல்லாம் அதற்குள் அடங்கும். ராமனும் சியாமளன், கண்ணனும் சியாமளன்.

ஆழ்வார்களையே எடுத்துக்கொள்ளுங்கள். தொண்டரடிப்பொடி ஆழ்வார் பெருமாளின் மேனியைப் பச்சைமா மலை என்கிறார். ஆண்டாள் திருப்பாவையில் ஓரிடத்தில் மேகத்தைப் பார்த்து, அவன் உருவம்போல் மெய் கறுத்து வா என்கிறாள். அதே திருப்பாவையில் இன்னோரிடத்தில் மணிவண்ணா என்று கூப்பிடுகிறாள், அது நீலமணி. இவர்களுக்குள் சண்டை ஒன்றும் இல்லை. காஞ்சிபுரத்தில் பச்சைவண்ணர் கோயிலும் பவளவண்ணர் கோயிலும் எதிரெதிரே இருக்கின்றன, இரண்டிலும் பெருமாள்தான். மதுரை மீனாட்சியை மரகத மேனியாள் என்று பாடுகிறோம். பேரூரில் அம்பாள் பெயரே பச்சைநாயகி. ஆகவே பச்சை நம் நிறமா என்ற கவலை வேண்டாம்.

கவிஞன் மூன்றையும் சொல்லிவிட்டுப் போய்விடலாம். ஓவியனுக்கு அந்த வசதி கிடையாது, ஏதாவது ஒரு கிண்ணத்தில்தான் தூரிகையைத் தோய்க்க வேண்டும். கேரளத்து ஓவியர்கள் பச்சைக் கிண்ணத்தில் தோய்த்தார்கள். அங்கே அதற்கு ஒரு முறையே உண்டு: சத்துவ குணம் உள்ளவர்களுக்குப் பச்சை, ரஜோ குணத்துக்குச் சிவப்பும் பொன்மஞ்சளும், தமோ குணத்துக்கு வெள்ளை. கதகளியிலும் ராமன், நளன், தருமன் எல்லாம் 'பச்சை' வேஷம். ராவணனுக்குக் 'கத்தி' வேஷம். ஆனால் அந்தக் கத்தி வேஷத்தின் முகத்திலும் அடியில் பச்சை இருக்கும், அதன்மேல்தான் சிவப்பு ஏறும். நல்ல குலத்தில் பிறந்தவன், குணம் கெட்டுப்போனான் என்பதை முகத்திலேயே எழுதிவிடுகிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது.

சரி, வண்ணத்துக்கு எங்கே போனார்கள்? நாட்டிய சாஸ்திரம் வெள்ளை, நீலம், மஞ்சள், சிவப்பு என்று நான்கைத்தான் இயல்பான நிறங்களாகச் சொல்கிறது. பச்சை அந்தப் பட்டியலில் இல்லை, மஞ்சளும் நீலமும் சேர்ந்து பிறப்பது. கதகளிக்காரர்கள் இதை அப்படியே செய்தார்கள். மனையோலை என்ற மஞ்சள் கல்லைத் தேங்காயெண்ணெய் விட்டு அரைத்து, நீலம் சேர்த்தால் முகத்துக்குப் பச்சை வந்துவிடும். கேரளச் சுவரோவியத்தில் நீலத்துக்கு நீலமரி, அதாவது நம் ஊர் அவுரிச் செடி. அதோடு இரவிக்கரா என்ற மரத்துப் பிசினின் மஞ்சள். சுண்ணச் சுவர் நன்றாகக் காய்ந்த பிறகு, வேப்பம்பிசினில் குழைத்துத் தீட்டுவார்கள். ஈரச் சுண்ணாம்பின்மேல் வைத்தால் இலைச்சாயமெல்லாம் தாங்காது.

அஜந்தாவில் கதை வேறு. அங்கே பச்சையைக் கலக்க வேண்டிய அவசியம் இல்லை. தக்காணத்துக் கரும்பாறையின் பொத்தல்களிலேயே பச்சை மண் கிடைக்கும். அதை எடுத்து அரைத்தால் போதும். கொஞ்சம் சாம்பல் பூத்த, மங்கலான பச்சை, மரகதம் மாதிரி பளிச்சென்று இருக்காது. அதே ஐந்தாம் நூற்றாண்டுக் குகைகளில் உள்ள, லாபிஸ் லசூலி என்ற கல்லை அரைத்த நீலமோ ஆப்கானிஸ்தானத்துப் பதக்ஷானிலிருந்து வர வேண்டும். பச்சை உள்ளூர்ச் சரக்கு, நீலம் வெளிநாட்டுச் சரக்கு!

அஜந்தா பௌத்தர்களுடையது ஆயிற்றே, புதுக்கோட்டைச் சித்தன்னவாசல் சமணர்களுடையது ஆயிற்றே என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான். ஆனால் மண்ணுக்கும் பிசினுக்கும் மதம் கிடையாது. சித்தன்னவாசல் தாமரைக் குளத்து இலைகளுக்குத் தீட்டியதும் அதே வகைப் பச்சை மண்தான்.

அப்புறம், புதன்கிழமை பச்சை கட்டலாமா என்றும் கடைசியில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். புதனுக்குப் பச்சை, மரகதம், பச்சைப்பயறு என்பது கிரக வழிபாட்டில் உள்ள வழக்கம். கட்டுங்கள், தாராளமாகக் கட்டுங்கள்.

உங்கள் பூஜையறை ராமரை மாற்ற வேண்டாம். அச்சுப் படங்கள் நமக்கு நீலத்தைப் பழக்கிவிட்டன, அதில் தவறில்லை. ஆனால் மட்டாஞ்சேரிச் சுவரில் பார்த்தவரும் அவரேதான். அடுத்த கேள்விக்குப் போகலாம்.